பிரேதப் பரிசோதனை முடிய இன்னும் 6 மணி நேரம்

போன வாரம் ராத்திரி 11 மணிக்குச் சித்தி போன் செய்தார். "டேய், கொலை பண்ணது யாருன்னு நீயே சொல்லிடு. இதுவரைக்கும் 400 ரூபாய் போயிடுச்சு." அது நான் எழுதிய கேம் இல்லை. ஆனால் பொருள் தேடும் (ஹிட்டன் ஆப்ஜெக்ட்) கேம்களுக்குக் கதை எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் எல்லாக் கொலைக்கும் நானே பொறுப்பு என்பது அவர் எண்ணம்.

கதையை எடுத்துவிட்டால் ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேமில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கலைந்து கிடக்கும் ஓர் அறை, கீழே ஒரு பட்டியல்: குடை, சாவி, அன்னாசிப்பழம். தேடித் தொட்டால் சரி. பத்து நிமிடத்தில் சலித்துவிடும். 'நேற்று இந்த அறையில் ஒரு பெண் இறந்துபோனாள்' என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், குடை யாருடையது என்று மனசு கேட்க ஆரம்பித்துவிடும். (அன்னாசிப்பழம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் வாய் திறப்பதில்லை.)

2005-ல் பிக் ஃபிஷ் கேம்ஸ் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' வரிசையைத் தொடங்கிய காலத்தில் கணக்கு எளிது. ஒரு மணி நேரம் இலவசம். பிடித்திருந்தால் ஒருமுறை பணம் கட்டி வாங்கலாம். கதை ஓரிடத்தில் முடியும், நாமும் தூங்கப் போகலாம்.

இலவச கேம்கள் வந்தபின் காசு கேட்கும் இடம் கதையின் நடுவுக்கு நகர்ந்துவிட்டது. 2012-ல் பாரிஸின் பிரெட்டி சிம்பிள் நிறுவனம் ஃபேஸ்புக்கில் விட்ட 'கிரிமினல் கேஸ்' நல்ல உதாரணம். ஆட ஆடச் செலவாகும் எனர்ஜி மொத்தம் 110, ஒரு காட்சிக்கு 20. ஐந்து காட்சியோடு கை காலி. அதைவிடக் கெட்டிக்காரத்தனம் அதன் ஆய்வகம். பிணத்தை அனுப்பினால் மணிக்கணக்கில் டைமர் ஓடும், காசு கொடுத்தால் ரிப்போர்ட் உடனே வரும். 'காத்திருக்கவும்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் நமக்கு எரிச்சல் வரும். பிரேதப் பரிசோதனை நடக்கிறது என்றால் நியாயமாகத்தானே படுகிறது? அங்கே யாரும் எதையும் பரிசோதிக்கவில்லை. ஓடுவது டைமர் மட்டும்.

பெர்லினின் வூகா 2017-ல் வெளியிட்ட 'ஜூன்ஸ் ஜர்னி'யில் அக்கா தங்கை பாசமும் 1920-களின் அழகும் சேர்ந்துகொண்டன. சகோதரியின் சாவில் தொடங்கிய கதை இன்னும் புதுப்புது அத்தியாயங்களாக வந்துகொண்டே இருக்கிறது. முடிவை எதிர்பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நானும் யோக்கியன் இல்லை. எனர்ஜி தீரும் இடம் பார்த்துக் கதவு தட்டும் சத்தத்தை வைக்கச் சொல்வார்கள், வைத்திருக்கிறேன். எழுதும்போது அது ருசியான வேலை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆடுகிறவர் அந்த இடத்தில் போனைக் கீழே வைத்தால் கதைக்கு ஒன்றும் ஆகாது. கொலைகாரன் தப்பி ஓட மாட்டான். எனர்ஜி தானே நிரம்பும்.

சித்தியின் போனில் பிளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், எது வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவைத்தேன். ஒருமுறை காசு கொடுத்தால் முழுக்கதையும் கிடைக்கும் கேம்கள் இரண்டைக் காட்டினேன். அவற்றை அவர் திறந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை மறுபடி போன். "காபி போடுறதுக்குள்ள ரிப்போர்ட் வந்துடுச்சுடா, பைசா செலவில்லாம. எனக்குத் தோட்டக்காரன் மேலதான் சந்தேகம்."