பதுவையில் கவிழ்த்து வைத்த கப்பல்

பதுவை அந்தோனியார் பெயரைக் கேட்டிராத தமிழர் குறைவு. அந்தப் பதுவை, வட இத்தாலியில் வெனிசுக்குப் பக்கத்தில் இருக்கும் பாதோவா நகரம்தான். நகரின் நடுவே, இரண்டு சந்தைத் திடல்களுக்கு இடையில் ஒரு நீண்ட மாளிகை நிற்கிறது. பெயர் பலாஸ்ஸோ தெல்லா ராஜோனே. நீதி மாளிகை என்று சொல்லலாம். கீழே கடைகள், மேலே நீதிமன்றங்கள் என்று 1218-19இல் கட்டி முடித்தார்கள். மேல்தளத்தை ஊர்க்காரர்கள் 'சலோனே', அதாவது பெரிய கூடம் என்பார்கள். நீளம் சுமார் 81 மீட்டர், அகலம் 27 மீட்டர். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது.

27 மீட்டர் அகலத்துக்குக் குறுக்கே ஒரே உத்திரம் போட முடியாது. அத்தனை நீள மரம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் தன் எடையிலேயே நடுவில் தொய்ந்துவிடும். அதனால் கூரையை வளைத்தாக வேண்டும். வளைத்ததும் வேறொரு தொல்லை வருகிறது.

ஒரு புத்தகத்தை விரித்து, கூரை மாதிரி மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். முதுகில் மெல்ல அழுத்துங்கள். இரண்டு ஓரங்களும் வெளியே வழுக்கிப் போகும். வளைந்த கூரையும் சரிவான கூரையும் செய்வது இதைத்தான்: எடையைக் கீழே இறக்குவதோடு, தாங்கும் சுவர்களைப் பக்கவாட்டிலும் தள்ளும். உயரமான சுவர் தலையில் வரும் எடையைச் சுலபமாகத் தாங்கிவிடும். தலைமாட்டில் வெளிப்பக்கம் தள்ளினால் சாய்ந்துவிடும்.

1306 முதல் 1309 வரை இந்த மாளிகையை உயர்த்தி, புதிய கூரை போட்டவர் ஃபிரா ஜொவான்னி என்ற அகுஸ்தீன் சபைத் துறவி. கப்பலைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவத்தில் மரக்கூரை அமைத்தார். கப்பல் கட்டுபவர்கள் விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடிப்பார்கள். அதே உருவத்தைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் எடை அதே அளவு கல்லில் சுமார் நான்கில் ஒரு பங்குதான். எடை குறைந்தால் தள்ளும் விசையும் அதே அளவுக்குக் குறையும். மாளிகையின் இருபுறமும் அவர் சேர்த்த மாடத் தாழ்வாரங்களும் சுவர்களுக்கு வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கின்றன.

அப்புறம் கம்பிகள். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை மெல்லிய இரும்புக் கம்பிகள் குறுக்கே போவது தெரியும். கவிழ்த்த புத்தகத்தின் இரண்டு ஓரங்களையும் நூலால் இணைத்தால் அது விரிய முடியாது அல்லவா? அந்த நூலின் வேலையை இந்தக் கம்பிகள் செய்கின்றன. இழுவிசையைத் தாங்குவதில் இரும்பு கெட்டி. அதனால் கம்பி தடிமனாக இருக்க வேண்டியதில்லை. வருபவர்களின் கண் சுவரோவியங்களுக்குப் போய்விடுகிறது. என் கண்ணுக்கு இந்த மாளிகையின் மிக அழகான உறுப்பு அந்தக் கம்பிகள்தான்.

மரத்துக்கு எதிரி நெருப்பு. 1420இல் கூரை எரிந்தது. புகழ்பெற்ற ஓவியர் ஜோத்தோ வரைந்திருந்த ஓவியங்களும் அதோடு போயின. அப்போது நகரம் வெனிசின் ஆட்சியில் இருந்தது. திருப்பிக் கட்டும்போது தளத்தை மூன்றாகப் பிரித்திருந்த குறுக்குச் சுவர்களை எடுத்துவிட்டார்கள். இன்றைய ஒற்றைக் கூடம் அப்படித்தான் பிறந்தது. நிக்கோலோ மிரேத்தோ, ஸ்தேஃபானோ தா ஃபெர்ராரா இருவரும் ராசி, கோள், மாதம் என்று 300க்கும் மேற்பட்ட கட்டங்களில் சுவர்களை நிரப்பினார்கள்.

1756இல் வந்தது சூறைக்காற்று. வளைந்த முதுகின்மேல் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று கூரையை மேலே தள்ளுகிறது. புயலில் குடை மேல்நோக்கிப் புரள்வதும் இதனால்தான். சுவர்களைத் தள்ளாமலிருக்க உதவிய அதே லேசான எடை, இப்போது எதிராகத் திரும்பியது. பிய்ந்து போன கூரையை பார்த்தோலோமேயோ ஃபெர்ராச்சினா என்ற பொறியாளர் திரும்பக் கட்டினார்.

கூடத்தில் ஒரு கறுப்புக் கல்லும் இருக்கிறது. கடனைத் தீர்க்க முடியாதவர் உள்ளாடையோடு மூன்று முறை அதில் உட்கார்ந்து எழுந்து, சொத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போகவேண்டும். கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு அவர்களுக்குச் சிறைதான். 1231இல் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் நம் அந்தோனியார்.

நீதிமன்றங்கள் போய்விட்டன. இப்போது அங்கே கண்காட்சிகள் நடக்கின்றன. கீழே பாலாடைக்கட்டியும் இறைச்சியும் இன்றைக்கும் விற்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ பாதோவாவின் 14ஆம் நூற்றாண்டு ஓவியத் தொகுதிகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்த மாளிகையும் அதில் சேர்ந்தது. கூடத்தில் பூமியின் சுழற்சியைக் காட்டும் ஃபூக்கோ ஊசல் ஒன்றும் தொங்குகிறது. பூமி சுழல்வதால் அது ஆடும் திசை, அந்த அட்சரேகையில், மணிக்குப் பத்தரை பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பிக்கொண்டே போகும். நீண்ட கயிற்றுக்கு உயரம் வேண்டும், தடையில்லாமல் ஆடக் காலி இடம் வேண்டும். இரண்டும் அங்கே தாராளமாக இருக்கின்றன.