‘சிம்பிள் அண்ட் ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்’: சொல்லும் பொருளும்

மதுரையில் வீட்டுக்கடன் விதிகளை விளக்குபவர் முதல் போட்டித்தேர்வுக்குப் பயிற்சி தருபவர் வரை பலரும் தம் பேச்சினிடையே ‘சிம்பிள் அண்ட் ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்’ என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. சொல்லப்படும் காரியத்தில் சிக்கலும் இல்லை, சுற்றுவழியும் இல்லை என்பதே அத்தொடரின் பொருள். இரண்டு சொற்களும் ஒன்றையே திருப்பிச் சொல்வன போலத் தோன்றினாலும், அவற்றின் பிறப்பு வேறு வேறு. அதைக் கவனியாமல் இரண்டுக்கும் ‘எளிது’ என்றே எழுதிவிடுவதால்தான் தமிழாக்கம் பொருந்தாமற் போகிறது.

‘சிம்பிள்’ இலத்தீனில் தோன்றிப் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அதற்கு இணையான ‘சிம்ப்ளெக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் முற்பகுதி ஒன்று எனவும் பிற்பகுதி மடிப்பு எனவும் பொருள்படுவதால், அது ஒருமடியாக உள்ளதைக் குறிக்கிறது. மாடிவீட்டு விளம்பரங்களில் நாம் காணும் ‘டூப்ளெக்ஸ்’ இருமடி, இது ஒருமடி. ‘ஸ்ட்ரெய்ட்’ என்பதோ ‘நீட்டு’ என்னும் பொருளுடைய ‘ஸ்ட்ரெட்ச்’ என்ற வினையின் பழைய எச்ச வடிவம். இழுத்து நீட்டியதனால் வளைவு நீங்கியது என்பது அதன் கருத்து. அதனோடு முன்னோக்கி என்னும் பொருளுடைய ‘ஃபார்வர்ட்’ சேர்ந்தது. ஆகவே முன்னது ஒன்றன் அமைப்பையும், பின்னது அதைச் செய்துமுடிக்கச் செல்லும் வழியையும் சொல்கின்றன.

முன்னதற்குத் தமிழில் ‘எளிது’, ‘எளிமை’ என்பன உள. எளிமைக்கு ‘எண்மை’ என்ற வடிவமும் உண்டு. “எண்பொருள வாகச் செலச்சொல்லி” என்று தொடங்கும் 424ஆம் குறளில் ‘எண்’ என்பது எண்ணிக்கையன்று, எளிமையே. கேட்பவர் மனத்தில் சென்று பதியும்படி எளிய பொருளாகச் சொல்லுதல் என்னும் அக்கருத்துக்கு இணையாக ஒரு தொடரை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சுலபம், இலகு ஆகியவை வடமொழி வழி வந்தவை. முன்னதற்கு எளிதிற் கிடைப்பது என்றும், பின்னதற்குக் கனமற்றது என்றும் அங்கே பொருள். மதுரை வட்டாரப் பேச்சில் ‘லேசான வேலை’ என்பார்கள்.

‘ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்’ என்பதற்குரியவை ‘நேர்’, ‘செம்மை’ ஆகிய இரண்டும். நேரில் பிறந்த ‘நேர்மை’ வழியின் ஒழுங்கையும் மனிதரின் ஒழுங்கையும் ஒருசேரக் குறிக்கும். செம்மை என்பது சிவப்பு மட்டுமன்று, வளைவின்மையும் ஆகும். செங்குத்து, செங்கோணம், செங்கோல் எல்லாம் அவ்வழி வந்தவையே. கோவலனுக்குத் தவறான தீர்ப்பளித்ததை உணர்ந்து மதுரை அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டியனைப் பற்றி, ஊழ் வளைத்த கோலை அவனுடைய பிரிந்த உயிர் நிமிர்த்திச் செங்கோலாக்கியது என்று சேரன் செங்குட்டுவன் கூறுவதாகச் சிலப்பதிகாரம் சொல்லும்போது, ‘செம்’ என்னும் அடையில் வளைவின்மையும் நீதியின் ஒழுங்கும் ஒன்றாக நிற்பதைக் காணலாம்.

நேரானதெல்லாம் எளிதாகிவிடாது. கோடையில் வறண்ட கண்மாயைத் தூர்வாருவது நேரான வேலை. என்ன செய்ய வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை, ஆனால் அது எளிய வேலையன்று. மனிதரைக் குறிக்கும்போதும் வேறுபாடு உண்டு. ‘சிம்பிளானவர்’ என்றால் ஆடம்பரமற்றவர். ‘ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்டானவர்’ என்றால் ஒளிவுமறைவின்றிப் பேசுபவர். சூதுவாது அறியாதவரைத் தென்மாவட்டங்களில் ‘வெள்ளந்தி’ என்பர். அதை இவ்விரண்டில் எதற்கும் ஈடாக எழுதுவது பிழை.

ஆகவே விண்ணப்பம், நடைமுறை போன்றவற்றுக்கு ‘எளிய, நேரடியான’ என்றும், கணக்கு, விடை ஆகியவற்றுக்குச் ‘சிக்கலற்ற’ என்றும், மனிதருக்கு ‘எளிமையும் நேர்மையும் உடையவர்’ என்றும் எழுதலாம். “கடன் பெறும் முறை சிம்பிள் அண்ட் ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்” என்பதற்கு, “கடன் பெறும் முறை எளிது, அலைச்சல் இல்லை” என்பதே நம் மக்களுக்கு உடனே விளங்கும் தமிழ்.