மாட்டுக்குக் கட்டி கிளம்பியிருந்தால்

"டாக்டருங்க, மாட்டுக்குக் கட்டி கிளம்பியிருக்குதுங்க." காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பண்ணையங்களிலிருந்து எங்களுக்கு வரும் போன் நிறைய இப்படித்தான் ஆரம்பிக்கும். எந்த இடத்தில், எத்தனை, எத்தனை நாளாக, தீனி எடுக்கிறதா என்று நாங்கள் கேட்டுக்கொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. தோலில் புடைத்தால் எல்லாமே நம் பேச்சில் கட்டிதான். ஆனால் ஒன்று தானாக உதிரும், ஒன்று கீறிவிட்டால் ஆறும், இன்னொன்று பட்டி முழுக்கப் பரவும்.

மருவுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். கன்று, கிடாரிகளுக்கு முகத்திலும் கழுத்திலும் சொரசொரவென்று தோலுக்கு மேலே நிற்கும். வைரஸால் வருவது, பெரும்பாலும் சில மாதங்களில் தானே விழுந்துவிடும். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைக்காதீர்கள். வெந்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். காம்பில் வந்து கறக்கவிடாமல் செய்தால் காட்டுங்கள். காதோரத்தில் மரு மாதிரி தெரிவது சில சமயம் உண்ணியாக இருக்கும். விரலால் புரட்டிப் பார்த்தால் கால்கள் தெரியும்.

கிளுவை முள் ஏறிய இடத்தில் வருவது சீழ்க்கட்டி. தொட்டால் சுடும், வலிக்கும், நாளாக நாளாக நடுவில் இளகும். இதைத்தான் பலர் சவரக் கத்தியை எடுத்துக் கீறிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அதை எங்களிடம் விடுங்கள். புடைப்பெல்லாம் சீழ்க்கட்டி இல்லை. கன்றின் தொப்புளில் இருக்கும் புடைப்பு குடலிறக்கமாக இருக்கலாம். மெல்ல அழுத்தும்போது உள்ளே போய், விட்டதும் திரும்ப வந்தால் அதற்குள் குடல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கத்தி வைத்தால் கன்று பிழைப்பது கடினம்.

ஆட்டுக்குத் தாடைக்கடியில் தொங்கும் வீக்கம் வேறு கதை. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். வயிற்றுப் புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. கீழ் இமையைப் புரட்டினால் வெளுத்திருக்கும். தாடையில் மருந்து தடவி ஒரு பயனும் இல்லை, குடற்புழு நீக்கம்தான் வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது தோல் கழலை நோயைப் பற்றித்தான். இந்தியாவில் இது 2019இல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டது. 2022இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஏராளமான மாடுகள் செத்தன. முதலில் காய்ச்சல் வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், பால் குறையும். அப்புறம் கழுத்து, முதுகு, மடி என்று உடம்பெங்கும் கழலைகள் கிளம்பும். கையை வைத்தால் தோலுக்குள் காசு வைத்துத் தைத்ததுபோல் வட்டமாக, கெட்டியாக இருக்கும். 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை வளரும். சில மாடுகளுக்குக் காலும் வீங்கும்.

இதை அம்மை என்று சொல்லி வேப்பிலை கட்டிக் காத்திருக்கிறார்கள். வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அன்றைக்கே போனும் பண்ணுங்கள். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி மூலமாகத்தான் இது பரவுகிறது. நீங்கள் காத்திருக்கும் நாட்களில் பக்கத்து மாட்டுக்கும் போய்விடும். நோய் கண்ட மாட்டைத் தனியாகக் கட்டி, சாயங்காலம் புகை போட்டு, சாணியைத் தேங்கவிடாமல் அள்ளுங்கள். வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் அரைத்து வெல்லம் சேர்த்துக் கொடுப்பது நம் கால்நடைத் துறையினரே சொல்லும் மூலிகை மருந்து. அதைக் கொடுத்தாலும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் சிகிச்சை தேவை. அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழைக்கலாம். மனிதருக்கு இது ஒட்டாது. பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

இதே குடும்பத்து வைரஸ்தான் ஆட்டம்மைக்கும் காரணம். அதனால் ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாட்டுக்கும் போடுகிறோம். நன்றாக இருக்கும்போதே போட வேண்டும். கழலை வந்த மாட்டுக்குப் போட்டுப் பயனில்லை. கண்ணபுரம், அந்தியூர்ச் சந்தைகளில் பிடித்து வரும் மாட்டை நேராகத் தொண்டுப்பட்டிக்குள் விடாதீர்கள். 28 நாள் தனியாகக் கட்டி வைத்து, தினமும் கறக்கும் நேரத்திலோ தீனி போடும் நேரத்திலோ கழுத்திலும் மடியிலும் ஒருமுறை கை வைத்துத் தடவிப் பாருங்கள்.