பிஸ்டன் ஏன் பிடித்தது? ஒரு டூ-ஸ்ட்ரோக் ஏடிவியின் டாப் எண்ட் வேலை

தென் கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் அலறிக்கொண்டு ஏறும் நான்கு சக்கர வண்டிகளில் யமஹா பான்ஷீக்கு என்று ஒரு தனி மரியாதை உண்டு. 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற ஏடிவி (சாலை இல்லாத இடங்களில் ஓடும் வண்டி) அது. இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் 347 சிசி என்ஜின். சிலிண்டரின் விட்டம் 64 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மி.மீ. நம்மூரில் 80-களில் வந்த ராஜ்தூத் 350-ஐப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் பழக்கமானவை. ஒரே வம்சம்தான். ராஜ்தூத்துக்கு மூலமான யமஹா ஆர்டி 350-இன் அளவுகளை வைத்துக்கொண்டு, காற்றில் குளிர்ந்த என்ஜினைத் தண்ணீருக்கு மாற்றினார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் பின்னால் ஏடிவிக்குள் இறங்கியது. ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

டாப் எண்ட் என்றால் கிராங்க் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்கு மேலே இருப்பதெல்லாம்: ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு சேர்க்கும் கட்ஜன் பின், அதன் ஊசி பேரிங், நடுவில் வரும் பேக்கிங்குகள். கழற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கழற்றியதும் பழைய பிஸ்டனைத் தூக்கி எறிந்துவிட்டு, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி (போர் போட்டு), புது பிஸ்டன் கிட் மாட்டி மூடிவிடுவதுதான் வழக்கம். கொஞ்ச நாளில் அதே சிலிண்டர் மறுபடி பிடித்துக்கொள்ளும், அதாவது பிஸ்டன் சுவரோடு இறுகி நின்றுவிடும். பழி பிஸ்டன் கம்பெனி மேல் விழும். என் கட்சி இதுதான்: பழைய பிஸ்டன் எதனால் செத்தது என்று தெரியாமல் புது பிஸ்டன் வாங்கக்கூடாது.

அதைத் தெரிந்துகொள்ள இந்த என்ஜின் எண்ணெய் குடிக்கும் விதம் புரிய வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கீழே ஆயில் தேங்கி நிற்கும்; பம்ப் அதை மேலே அனுப்பும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படிக் கீழே தேங்கும் ஆயில் கிடையாது. பான்ஷீயில் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் குறைந்து, கார்பரேட்டர் வழியாகக் கலவை உள்ளே இழுக்கப்படும். பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை நசுங்கி, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்டுகள் (திறப்புகள்) வழியாக மேலே ஏறும். போகிற வழியில் கிராங்க் பேரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் ஆயிலைப் பூசிவிட்டுப் போகும். பெட்ரோல் வரும் அளவுக்குத்தான் ஆயிலும் வரும்.

இப்போது கிராங்க்கின் ஓரத்தில் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஏறும் ஒவ்வொரு முறையும் கார்பரேட்டரைப் பார்க்காத வெறும் காற்று அந்தச் சந்து வழியாக நுழையும். காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் குறைந்துவிடும், எரிப்பு சூடேறும். பெட்ரோலின் பங்கு குறையும்போது ஆயிலின் பங்கும் சேர்ந்தே குறைகிறது. பிஸ்டனுக்கு ஆயில் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது வராமல் போகிறது. டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன்கள் திடீரென்று பிடிப்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

சரி, கழற்றிய பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்தாகக் கோடு விழுந்து அலுமினியம் இழுபட்டிருந்தால், அதிகச் சூடு: காற்றுக் கசிவோ, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் சின்னதாக இருப்பதோ. இன்டேக் பக்கத்தின் கீழ்ப்பகுதி மங்கலாகத் தேய்ந்து மெல்லிய கீறல்களோடு இருந்தால், ஏர் ஃபில்டரைத் தாண்டி மணல் போயிருக்கிறது. மணல்மேட்டில் ஓடும் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். தலையின் விளிம்பில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் டெட்டனேஷன்: கலவை தீச்சுடர் வந்து சேருமுன் தானே வெடித்திருக்கிறது. கட்ஜன் பின் துளைகளின் இருபுறமும் உள்ள நான்கு மூலையிலும் சமமாகத் தடம் விழுந்திருந்தால், சூடேறாத என்ஜினை யாரோ முறுக்கியிருக்கிறார்கள்.

பான்ஷீயில் இரண்டு சிலிண்டர் இருப்பது இந்த விசாரணைக்கு வசதி. இடது பக்கம் மட்டும் பிடித்திருந்தால் அந்தப் பக்கத்தில் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரின் மூடிக்குப் பின்னால் இருக்கும் சீலைச் சந்தேகிக்கலாம். வலது பக்கம் கிளச். அங்கே சீல் போனால் காற்றுக்குப் பதில் கியர் ஆயில்தான் உள்ளே வரும். சைலன்சர் புகை கக்கும். இரண்டு கார்பரேட்டர்களையும் என்ஜினோடு சேர்க்கும் ரப்பர் குழல்களுக்கு நடுவே ஓர் இணைப்புக் குழாய் உண்டு. அதில் விழும் வெடிப்பு வழியாகவும் காற்று நுழையும்; அது கண்ணுக்கே தெரியாது.

அப்புறம்தான் அளவு. பிஸ்டன் அலுமினியக் கலவை. சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்லீவ் வார்ப்பிரும்பு. 100 டிகிரி சூடு ஏறினால் 64 மி.மீ. பிஸ்டன் ஏறக்குறைய 0.13 மி.மீ. பருக்கும்; இரும்பு 0.07 மி.மீ. மட்டுமே விரியும். வித்தியாசம் 0.06 மி.மீ., ஒரு தலைமயிரின் தடிமன். சாதாரண வார்ப்பு பிஸ்டனுக்குக் குளிர்ந்த நிலையில் விடப்படும் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே 0.06 மி.மீ.தான். எவ்வளவு கத்திமேல் நடக்கும் கணக்கு என்று பாருங்கள். பிஸ்டன் சூடாகி, சுற்றியிருக்கும் தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருந்தால் பிஸ்டனுக்கு இடமே இருக்காது. நான்கு மூலைத் தடம் அப்படித்தான் விழுகிறது. அழுத்தி அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ் செய்த) பிஸ்டன் பொதுவாக இன்னும் கொஞ்சம் அதிக இடைவெளி கேட்கும். கிட்டோடு வரும் தாளில் அந்த எண் இருக்கும்.

போர் போடும் லேத்காரரிடம் "ஒரு சைஸ் ஏற்றுங்க" என்று சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் தலைவலிதான். பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் பெரிதாகிக்கொண்டே போகும், ஆனால் 64.25 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பெயர் மட்டுமே. பிஸ்டன் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மைக்ரோமீட்டர்தான் சொல்லும். அதையும் எங்கே பிடித்து அளப்பது என்பது முக்கியம். பிஸ்டன் முழு வட்டம் இல்லை; லேசான நீள்வட்டம். சூடு அதிகம் தாங்கும் தலைப்பக்கம் சற்று ஒடுக்கமாகவும் இருக்கும். அதனால் ஸ்கர்ட்டின் (ரிங்குக்குக் கீழே உள்ள பக்கச்சுவரின்) கீழ்ப்பகுதியில், கட்ஜன் பின்னுக்குக் குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு பிஸ்டனையும் கையில் கொடுத்து, இது இடது, இது வலது என்று குறித்து, அதற்கேற்ற போர் போட வைக்க வேண்டும்.

போர் போட்ட பின் ஹோன் கல்லால் தேய்த்தால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். ரிங் அவற்றின் மேல் தேய்ந்து சுவரோடு பொருந்தும். இதோடு நிற்கக்கூடாது. போர் போட்டதும் போர்ட்டுகளின் விளிம்புகள் கத்தி முனையாகிவிடும். 9,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் நொடிக்கு 150 முறை ஏறி 150 முறை இறங்குகிறது. ரிங் ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் போர்ட்டைக் கடக்கும்போது இம்மி அளவு வெளியே பிதுங்கி மறுபடி உள்ளே வர வேண்டும். கூர்மையான விளிம்பில் மாட்டினால் ஒடியும். அந்த விளிம்புகளை மழுக்குவது மிகச் சின்ன வேலை. அடிக்கடி விட்டுப்போகும் வேலையும் அதுதான். ஒடிந்த ரிங்கின் துண்டு ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போய்விட்டால் செலவு பல மடங்கு.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த ரிங்கின் சுற்றளவு ஏறக்குறைய 201 மி.மீ. அது சுவரைவிட 100 டிகிரி அதிகம் சூடானால் 0.22 மி.மீ. நீளும். அவ்வளவு இடம்கூட இல்லையென்றால் முனைகள் முட்டி, ரிங் சுவரைக் கிழிக்கும். 0.3 மி.மீ. அளவில் இடைவெளி இருந்தால் நிம்மதி.

மாட்டுவது நேரான வேலை. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் திறப்பு அதன் பள்ளத்தில் இருக்கும் குட்டிப் பின்னில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ரிங் சுழன்று, முனை போர்ட்டில் மாட்டும். கட்ஜன் பின்னின் லாக் எப்போதும் புதிதாக இருக்கட்டும். மாட்டும்போது கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். லாக் துள்ளி உள்ளே விழுந்தால் முழு என்ஜினையும் பிரிக்க வேண்டிவரும்.

கார்பரேட்டரை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. எக்ஸாஸ்ட், இன்டேக் வாய்களை அடைத்து, கைப்பம்ப்பால் உள்ளே 6 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, கேஜைப் பார்த்துக்கொண்டு 6 நிமிடம் உட்கார வேண்டும். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் போதும். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் கசிவு. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்யும் பட்டறைகளை நான் நம்புவதில்லை.

முதல் சில முறை ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் நிறுத்தி, முழுதாக ஆறவிட வேண்டும். பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி சரிபார்த்துவிட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டலாம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் புகும் எரிந்த வாயுவின் அழுத்தம்தான். வெறும் ஐட்லிங்கில் விட்டு வைத்தால் அது உட்காராது. முதல் ஓட்டம் முடிந்ததும் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனில் ஒன்று மட்டும் குறைந்திருந்தால், பிடித்துக்கொள்ளும் முன்பே ஹெட்டைக் கழற்றிவிடலாம்.