சொல் விளக்கம்: த்ரில்லர்

கும்பகோணத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ நாவலைப் பேச எடுத்துக்கொண்ட மாலையில், சென்னைக்கு ரயிலில் போகும்போது பாதியும் திரும்பும்போது மீதியுமாக அதைப் படித்து முடித்த இளைஞர் ஒருவர், “விறுவிறுன்னு போச்சு சார், வச்சுட்டு எந்திரிக்கவே முடியல” என்றார். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும் ஆசிரியை, “எனக்குப் படிக்கப் படிக்கச் சுருக்சுருக்குன்னு குத்துச்சு தம்பி” என்றார். இருவரும் எதிரெதிர்க் கட்சி என்று எண்ணியபடியே கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியபோதுதான், அவர்கள் சொன்ன இரண்டையும் ‘த்ரில்லர்’ என்ற ஒரே சொல் தனக்குள் வைத்திருப்பது தெரிந்தது.

‘த்ரில்’ என்பதன் முதற்பொருள் துளைத்தல். பழைய ஆங்கிலத்தில் துளைக்குப் பெயராக இருந்த சொல்லிலிருந்து பிறந்த வினை அது. மூக்குத்துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லின் பின்பாதியில் அந்தத் துளை இன்றும் இருக்கிறது. வினையில் ரகரம் இடம் மாறியதால் அதன் உறவு மறைந்துவிட்டது. தசை சதையாகவும் விசிறி சிவிறியாகவும் நிலைமாறுவதை இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்தோமே, அதே வகை மாற்றம்தான். வேலும் அம்பும் உடலைத் துளைப்பதற்கு வழங்கிய சொல், காலப்போக்கில் அச்சமோ மகிழ்ச்சியோ உள்ளத்தை ஊடுருவுவதற்கு ஆகிவந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அப்படி ஊடுருவும் கதைக்கும் நாடகத்துக்கும் ‘த்ரில்லர்’ என்ற பெயர் ஏற்பட்டது.

தமிழில் இதற்கு நெடுங்காலமாக ஈடாக வைக்கப்பட்டுவரும் சொல் ‘மர்ம நாவல்’. அதன் வேரும் ஓர் உடற்பகுதியில்தான் இருக்கிறது. வடமொழியில் ‘மர்மன்’ என்பது அடிபட்டால் உயிர் போகக்கூடிய இடம். வர்மக் கலையில் வரும் வர்மம் அதுவே. பழஞ்செய்யுளில் ‘மருமம்’ என்று வந்தால் மார்பு என்று பொருள் கொள்வார்கள். உயிர்நிலை மறைத்துக் காக்கப்படும் இடம் என்பதால் மறைபொருளுக்கும் அச்சொல் பெயராகியிருக்க வேண்டும். ஆக, ஆங்கிலச் சொல் துளைக்கும் செயலைச் சொல்ல, வடசொல் துளைபடும் இடத்தைச் சொல்கிறது. சமயத்தை வைத்துப் பின்னப்படும் இத்தகைய கதைகளுக்கு இந்தப் பொருத்தம் சற்று அச்சமூட்டும் அளவுக்கே அமைந்துவிடுகிறது; நம்பிக்கை உள்ளவருக்கு அவருடைய சமயம்தானே மருமம்?

ஆயினும் ‘மர்ம நாவல்’ சரியான ஈடு ஆகாது. மர்மக் கதையில் குற்றம் முன்பே நடந்து முடிந்திருக்கும். செய்தவர் யார் என்பதே கேள்வி. த்ரில்லரிலோ கேடு வந்துகொண்டே இருக்கிறது, நாயகன் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறான். மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரைத் தம் பெயரில் சுமந்த துரைசாமி ஐயங்கார் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிக் குவித்தவற்றைத் ‘துப்பறியும் நாவல்’ என்றே வாசகர்கள் அழைத்தார்கள்; துறவிக் கோலத்தில் திரிந்து துப்பறியும் திகம்பர சாமியார் அவருடைய படைப்பு. (குறளில் உணவுக்கு வழங்கிய ‘துப்பு’ இங்கே தடயத்துக்கு வழங்குகிறது, துப்புக் கிடைக்காத துப்பறிவாளர் பட்டினிதான்.) ‘திகில் கதை’ பேய்க்கதைக்குப் போய்விட்டது. ‘பரபரப்பு’ என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் தேய்த்துவிட்டன.

மிஞ்சுவது அந்த இளைஞரின் வாயில் தானாக வந்த ‘விறுவிறு’. இதை வெறும் வேகம் என்று எண்ணுவது தவறு. மிளகாய்க் காரம் நாக்கில் ஏறுவதற்கும், தேள் கொட்டிய கடுப்பு கடிவாயிலிருந்து மேலே பரவுவதற்கும், ஒருவர் திரும்பிப் பாராமல் விரைந்து நடப்பதற்கும் இந்த ஒரே இரட்டைக்கிளவியைத்தான் நாம் சொல்கிறோம். உடலில் ஏறும் உறைப்பும் ஓட்டத்தின் விரைவும் இதில் பிரியாமல் கிடக்கின்றன. ஆங்கிலச் சொல்லில்கூட விரைவு இல்லை. எனவே ‘விறுவிறுப்புப் புதினம்’ என்பதே என் தேர்வு. இரண்டு ‘ப்பு’க்களும் ஓர் ஒற்றும் சேர்ந்து நாக்கைத் தடுக்கின்றன என்பதை மறுக்கவில்லை, அடுத்த சொல்லாகக் ‘கதை’யை வைத்துக்கொள்பவர்களோடு எனக்குப் பிணக்கு இல்லை.

ஆசிரியைக்குக் குத்தியது இதில் எங்கே வருகிறது? உள்ளத்து உணர்ச்சிகளை வகுத்துச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களையும், வியப்பாகிய மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கையும் வகுக்கிறது. இளைஞரின் விறுவிறுப்பு இவ்விரண்டும் கலந்தது. சினமாகிய வெகுளிக்குச் சொல்லப்படும் நான்கினுள் ‘குடிகோள்’ ஒன்று. தன் குடியைச் சார்ந்தோருக்குக் கேடு சூழ்தல் என்று அதற்குப் பொருள். இயேசு மகதலா மரியாளை மணந்தார், அவர் வழிவந்த குருதி மரபைத் திருச்சபை மறைத்தது என்று இந்த நாவலைப் போல ஒரு கதை சொன்னால், திருச்சபையைத் தன் குடியாகவே கொண்டவருக்கு மருட்கை எழுவதில்லை, வெகுளியே எழுகிறது.

கதைதானே என்று ஆறுதல் சொல்லவும் அந்த நூல் இடம் வைக்கவில்லை. 2003இல் வெளிவந்த அதன் தொடக்கத்தில், ‘உண்மை’ என்ற தலைப்பின் கீழ், 1099இல் தோன்றிய பிரியரி ஆஃப் சீயோன் என்ற இரகசியச் சங்கம் மெய்யாகவே உள்ள ஓர் அமைப்பு என்றும், நூலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், மறைவான சடங்குகள் ஆகியவற்றின் விவரிப்பு அனைத்தும் துல்லியமானது என்றும் ஒரு பக்கம் இருக்கிறது. அப்பெயரில் அறியப்படும் சங்கத்தைப் பியேர் பிளாந்தார் என்பவர் பிரான்சில் பதிவு செய்தது 1956இல். அதன் பழமைக்குச் சான்றாகப் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்ட தாள்கள் புனையப்பட்டவை. எங்கள் கூட்டத்தில் கதையை ரசித்தவர்கள் அந்தப் பக்கத்தையும் கதையின் ஒரு தந்திரமாகவே கொண்டார்கள். மனம் நொந்தவர்கள் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு வழக்காடினார்கள்.

புனைவுக்கு மெய்யின் பெயரைச் சூட்டுவது நம் ஊருக்குப் புதிதன்று. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கராகப் பிறந்து, எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகக் கீர்த்தனைகளும் பாடியவர், 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டபோது அதற்குப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்றுதான் பெயர் வைத்தார். சரித்திரம் என்ற சொல் அன்று வாழ்க்கைக் கதைக்கும் நாட்டு வரலாற்றுக்கும் சேர்த்தே வழங்கியது. ஆகவே யாரும் ஏமாறவில்லை. ‘உண்மை’ என்ற சொல்லில் அத்தகைய நெகிழ்ச்சி இல்லை. ‘நாவல்’ என்பதன் இலத்தீன் வேருக்கும் அதற்கு ஈடாக நாம் படைத்துக்கொண்ட ‘புதினம்’ என்பதற்கும் புதியது என்பதே பொருள். மெய்யா பொய்யா என்பதைப் பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை. அதைத் திறந்து சொல்வது ‘புனைவு’ ஒன்றுதான். 2006இல் இந்நாவலின் திரைப்படம், இது முற்றிலும் கற்பனை என்னும் அறிவிப்போடு, பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் பெற்று வந்தது; ஆயினும் தமிழக அரசு அதைத் தடை செய்ய, சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

இத்தகைய நூல்களுக்கு அடைமொழியாக வரும் ‘சர்ச்சை’யைப் பற்றியும் ஒரு சொல். வடமொழியில் ‘சர்ச்சா’ என்பது ஆராய்ந்து பேசுதல். சந்தனம் முதலியவற்றைப் பூசுவதற்கும் அதே சொல் உண்டு. தமிழிலும் ‘பூசல்’ சண்டையையும் ‘பூசுதல்’ சந்தனத்தையும் குறிப்பது தற்செயல்தான், ஆனாலும் சுவையானது. இதற்கு நல்ல பழந்தமிழ்ச் சொல் காவிரி கடலோடு கலக்கும் புகாரிலேயே இருக்கிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன், “ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்” என்று சமயவாதிகளை மேடைக்கு அழைத்துவிட்டு, “பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்” என்று ஊராருக்கும் சொல்கிறான். வாதம் மண்டபத்துக்குள் நடக்கலாம். பகைவரோடும் தெருவில் வேண்டாதது சண்டையாகிய ‘கலாம்’. நம் செய்தித்தாள்கள் ‘சர்ச்சை’ என்னும்போது பெரும்பாலும் குறிப்பது இந்தக் கலாத்தையே.

எங்கள் வட்டத்தின் குறிப்பேட்டில் அந்நூலின் வகை ‘த்ரில்லர்’ என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த மாதம் அதை அடித்துவிட்டுச் ‘சமயம் சார்ந்த விறுவிறுப்புப் புதினம்’ என்று எழுதினேன். ஆசிரியை குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து, ‘புதினம்’ என்பதற்கு மேலே ‘புனைவு’ என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடுகள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.