ஒரம்பரை பரம்பரை ஆன கதை

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் அவசரமாக ஒரு வரி தட்டிவிட்டேன்: "பரம்பரை வந்திருக்கறாங்க, அப்புறமா கூப்பிடறேன்." அடுத்த நிமிடமே மாமாவிடமிருந்து பதில் வந்தது. "எந்தப் பரம்பரை மாப்ள, சேரனா சோழனா?"

நான் எழுத நினைத்தது ஒரம்பரை. கொங்குப் பக்கம் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களை அப்படித்தான் சொல்வோம். 'விருந்தாளி' என்றால் யாரோ வெளி ஆள் மாதிரி இருக்கும். 'உறவினர்' கல்யாணப் பத்திரிகையில் வருகிற சொல். ஒரம்பரைக்கு ஒரம்பரைதான். ஆனால் கைப்பேசியின் விசைப்பலகைக்கு அந்தச் சொல் தெரியாது. தனக்குத் தெரிந்த சொல்லாக அதை மாற்றிவிட்டது.

இது ஏதோ மடத்தனம் என்று தோன்றும். உள்ளே நடந்தது சுத்தமான கணக்கு. 1965-ல் லெவென்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் இரண்டு எழுத்துச் சரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க ஒரு வழி சொன்னார். ஒன்றை மற்றதாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணினால், வருகிற மிகக் குறைந்த எண்ணிக்கைதான் தூரம். ஒரம்பரையில் ஒ-வை எடுத்துவிட்டு ப-வை வைத்தால் பரம்பரை. தூரம் ஒன்று. இப்போது விசைப்பலகை இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: தட்டியதற்கு எந்தச் சொல் பக்கத்தில் இருக்கிறது, அந்தச் சொல் பொதுவாக எவ்வளவு அடிக்கடி வருகிறது. செய்தி, கதை, அரசியல் மேடை என்று பரம்பரை எங்கும் கிடக்கிறது. அதற்குக் கிடைத்த எழுத்துக் குவியலில் ஒரம்பரை ஒரு தடவைகூட வராமல் இருந்திருக்கலாம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வட்டாரப் பேச்சை இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒரு தராசைத் தாண்டித்தான் போகிறோம். அதற்கும் முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. அது எழுத்து.

ஒரு சின்னச் சோதனை. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே "அவ அடிச்சா" என்று சொல்லுங்கள். குரலில் பெரிய மாற்றம் இருக்காது. அடுத்து "அவன் அடிச்சான்" என்று சொல்லுங்கள். கடைசியில் சத்தம் அடைத்துக்கொள்ளும். பேச்சில் அந்த ன் தனி மெய்யாக ஒலிப்பதில்லை. முன்னால் உள்ள ஆ மூக்கு வழியாக வருகிறது, அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்பதை அந்த மூக்கொலி மட்டுமே சொல்கிறது. தமிழ் எழுத்தில் மூக்குயிருக்கு அடையாளம் கிடையாது. அதனால் 'அடிச்சான்' என்று ன் போட்டே எழுதுகிறோம். வாசிப்பவர் வாய் அதைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஊரை அறியாதவர் வாசித்தால் அந்த ஒலி வராது. பேச்சை எழுதும்போது முதலில் கைநழுவுவது இந்த மாதிரி ஒலிகள்தான்.

இன்னொரு பக்கம், எழுத்து இடம் கொடுத்தும் இலக்கணம் இடம் கொடுக்காத ஒலி ஒன்று உண்டு. எங்கள் ஊர் மரியாதை ஒலியான ங். "ஏனுங்", "சொல்லுங்", "வந்துட்டனுங்." சொல்லின் கடைசியில் வரலாம் என்று மரபிலக்கணம் அனுமதித்த மெய்கள் பதினொன்று: ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள். ங் அதில் இல்லை. பொதுப் பேச்சின் 'ங்க'வில் கடைசி உயிர் உதிர்ந்ததும், இலக்கணம் சொல்லிறுதியில் விடாத ஒலி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. (எந்த வாக்கியத்துக்கும் வாலில் ஒரு ங் ஒட்டிவிட்டால் கொங்குத் தமிழ் ஆகிவிடும் என்று நினைப்பது சினிமா நகைச்சுவையின் உபயம். பாட்டி பேரனிடம் ங் போட்டுப் பேசமாட்டார்.)

வட்டார உருமாற்றங்களில் பெரும்பாலானவை கண்டபடி நடப்பவை இல்லை. பிடி, வீடு, பெட்டி, பெண் என்ற சொற்கள் புடி, வூடு, பொட்டி, பொண்ணு ஆவதைப் பாருங்கள். முதல் எழுத்து உதட்டில் பிறக்கிறது: ப, வ. பின்னால் நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட இ-யும் எ-யும் உதடு குவிந்து உ, ஒ ஆகிவிடுகின்றன. வீடு எல்லா ஊரிலும் வூடு ஆகவில்லை. பொண்ணு பல ஊர்களுக்குப் பொது. விதி ஒன்றுதான், அது எந்தச் சொல்வரை எட்டியது என்பதுதான் ஊருக்கு ஊர் வேறு. இன்னொரு விதி, இலையை எலை ஆக்குவது, உடம்பை ஒடம்பு ஆக்குவது: அடுத்த அசையில் அ-வோ ஐ-யோ இருந்தால் முதல் உயிர் ஒரு படி கீழே இறங்குகிறது. குடையும் கொடையும் பேச்சில் ஒன்றாகிப்போனது இதனால்தான். 'கொச்சை' என்று பள்ளியில் அடித்துத் திருத்தியவை பலவும் இப்படிக் கணக்கு வழக்கோடு நடந்தவை.

இப்போது மூன்றாவது வாசல், தேடல். ஒருநாள் குழுவின் பழைய செய்திகளில் 'ஒரம்பரை' என்று தேடினேன். அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டி) எண்பதாவது பிறந்தநாளுக்கு யார் யார் வந்தார்கள், என்னென்ன சீர் கொண்டுவந்தார்கள் என்று மாமா நீளமாக எழுதியிருந்தார், அது வேண்டும். என் செய்திகள் மட்டும் வந்தன, மாமாவுடையது வரவில்லை. விரல் நோக மேலே தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்தபோது தெரிந்தது, அவர் எழுதியிருந்தது 'ஒறம்பற'.

யார் எழுதியது சரி? இந்தச் சொல்லை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பார்த்தேன். முதல் எழுத்து உ அல்லது ஒ. இரண்டாவது ர அல்லது ற. இரண்டெழுத்து தள்ளி மறுபடியும் ர அல்லது ற. கடைசி உயிர் ஐ அல்லது அ. இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16. 'விருந்தினர்' என்பதற்கு எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். அகராதியும் பாடப்புத்தகமும் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. ஒரம்பரைக்குப் பூட்டு இல்லை. அகராதிகள் இல்லாமல் இல்லை. கரிசல் பேச்சுக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குப் பேச்சுக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதி தொகுத்திருக்கிறார்கள். ஆனால் கைப்பேசியில் தட்டுகிற யாரும் அகராதியைப் பார்த்துவிட்டுத் தட்டுவதில்லை.

கணினிக்கு எழுத்து என்பது வெறும் எண். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் ர-வின் எண் 2992, ற-வின் எண் 2993. அடுத்தடுத்த வீட்டு எண்கள். இருந்தும் தேடுபொறிக்கு அந்தப் பக்கத்துவீட்டு உறவு தெரியாது. எண் வேறு என்றால் சொல் வேறு. சிலவற்றை யூனிகோடே முடிபோட்டு வைத்திருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடின் விதியே சொல்லிவிட்டது. ர-வையும் ற-வையும் அப்படி முடிபோட முடியாது. போட்டால் அரமும் அறமும் ஒன்றாகிவிடும்.

ஆனாலும் தேடுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நெகிழலாம். ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பலவிதமாக எழுதப்பட்ட தொல்லைக்கு அமெரிக்காவில் 1918-லேயே ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சவுண்டெக்ஸ் என்று பெயர். எழுத்தை விட்டுவிட்டு ஒலியின் சாயலுக்கு ஒரு குறியீடு கொடுப்பார்கள். ஒரே குறியீடு உள்ள பெயர்களெல்லாம் ஒரே கட்டில் சேரும். தமிழுக்கும் இதைச் செய்யலாம்: ர-ற ஒரு கட்டு, ல-ள-ழ ஒரு கட்டு, உ-ஒ ஒரு கட்டு, சொல்லின் கடைசியில் வரும் ஐ-அ ஒரு கட்டு. ஒரம்பரையின் 16 வடிவங்களும் ஒரே கட்டில் விழுந்துவிடும். மரம் தேடுகிறவருக்குக் கூடவே மறமும் வந்து விழும்; அதைப் பார்த்துத் தள்ளிவிட்டுப் போகலாம். கிடைக்காமல் போவதைவிடக் கூடுதலாகக் கிடைப்பது மேல்.

ஆனால் ஒரு ஊருக்குச் செய்த கட்டு இன்னொரு ஊருக்குப் பொருந்தாது. இதற்கு நல்ல சாட்சி ஈழத்து எழுத்து. தமிழ்நாட்டில் மீட்டர் என்று எழுதுவதை அங்கே மீற்றர் என்று எழுதுவார்கள். டீச்சர் அங்கே ரீச்சர், டொராண்டோ அங்கே ரொறன்ரோ. முதல்முறை பார்க்கிற தமிழ்நாட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும். சிரிப்பதற்கு முன் நாக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தின் 'ட்' ஒலிக்கு நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறைத் தொடுகிறது. தமிழின் ட-வுக்கு நாக்கு மடிந்து அதற்கும் பின்னால் போகிறது. இரண்டும் ஒன்றில்லை. ஈறைத் தொடுகிற அந்த ஒலி பழந்தமிழில் இருந்தது. 'ற்ற' என்று நாம் எழுதுவது அதைத்தான். யாழ்ப்பாணப் பேச்சில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் போய்விட்டது. காற்று காத்து ஆனது, நேற்று நேத்து ஆனது. ஆகவே யாழ்ப்பாணத்துக் காது அந்த ஆங்கில ஒலியைத் தன்னிடம் உள்ள ற்-ஆகக் கேட்டது. நம் காதில் அதற்கு இடம் இல்லாததால் ட-வாகக் கேட்டது. ஒலிக்கு நெருக்கம் என்று பார்த்தால் மீற்றர்தான் ஒரு படி மேல்.

தேடலிலோ மீட்டர் தேடுபவருக்கு மீற்றர் கிடைப்பது தேடுபொறியின் தயவு. அங்கே ட-வையும் ற-வையும் ஒரே கட்டில் போட வேண்டியிருக்கிறது. அதையே கொங்குப் பேச்சுக்குச் செய்தால் குழப்பம்தான். கட்டுப் போட்டும் தீராத சிக்கலும் ஒன்று உண்டு. எங்களுக்கு 'என்ற ஊரு' என்றால் 'என்னுடைய ஊர்'. பொதுத்தமிழ் மட்டும் படித்த இயந்திரத்துக்கு அது அரைகுறை வாக்கியம். "ஏதோ ஒன்று என்ற ஊர்" என்று முன்னால் ஒரு பெயரைத் தேடி நிற்கும். எழுத்துப்பிழை எதுவும் இல்லாமலே தவறாகப் படிக்கப்படுகிற சொல் இது. இந்த மாதிரிச் சொற்களைத் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. முழு வாக்கியமாகக் கிடைத்தால்தான் ஆளுக்கும் புரியும், இயந்திரத்துக்கும் பிடிபடும்.

1959-ல் சார்ல்ஸ் ஃபெர்கூசன் என்ற மொழியியலாளர் எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று வாழும் சமூகங்களைப் பற்றி எழுதினார். அரபு, கிரேக்கம், ஹெய்ட்டி ஆகியவற்றோடு அவர் எடுத்துக்கொண்ட நான்காவது எடுத்துக்காட்டு சுவிஸ் ஜெர்மன். இன்றைக்கும் அங்கே பாடப்புத்தகமும் செய்தித்தாளும் பொது ஜெர்மனில்தான். கைப்பேசியை எடுத்தால் அவரவர் ஊர்ப் பேச்சில் எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டலுக்கு ஒரே சட்டம் என்று எதுவும் இல்லை. சுவிஸ் ஜெர்மன் அடங்கிய அலெமானிக் பேச்சுக்கான விக்கிப்பீடியாவிலும் ஒவ்வொருவரும் தன் ஊர் வழக்கிலேயே கட்டுரை எழுதலாம். நமக்கும் இது புதிய யோசனை இல்லை. திசைச்சொல்லைத் தனி வகையாகவே தொல்காப்பியம் ஏற்றுக்கொண்டது. அதற்கு உரை எழுதிய சேனாவரையர், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள் என்று ஊர் சொல்லி, பொருள் சொல்லிக் குறித்துவைத்தார். குமரிப் பக்கம் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. அவர் எழுதிய பாணியைப் பாருங்கள்: சொல், பொருள், யார் வாயில். இன்று பேச்சுவழக்கு என்று எழுதப்படுவதில் பெரும்பகுதியில் இந்த மூன்றாவது விவரம் இருப்பதில்லை. எந்த ஊர் என்று தெரியாத ஒரு பொதுப் பேச்சுதான் பெருகுகிறது. அது கெடுதல் இல்லை. ஆனால் அதை வட்டார வழக்கு என்று சொல்லமாட்டேன்.

என் கைப்பேசிக்கு ஒரம்பரை இப்போது தெரியும். நான்கைந்து தடவை பிடிவாதமாகத் திருத்தியதும் தன் சொந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மாமாவுடையது ஒறம்பற-வைக் கற்றுக்கொண்டிருக்கும். அமுச்சியையே கேட்போம் என்று சொல்லவைத்துப் பதிவுசெய்தேன். மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டும் ர-வா ற-வா என்று தீரவில்லை. முதல் எழுத்துகூட உ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ஒலிப்பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, சேனாவரையர் பாணியில் இப்படிக் குறித்துவைத்தேன்:

ஒரம்பரை (ஒறம்பற, ஒரம்பறை, உறம்பரை என்றும் எழுதுவர்): வீட்டுக்கு வந்திருக்கும் உறவுக்காரர். கோபி வட்டாரம், எண்பது வயதுப் பாட்டி பேச்சில்: "ஒரம்பரை வந்திருக்கறாங்க கண்ணு, பொடக்காலிப் பக்கம் போயி நாலு வாழையெல அறுத்துட்டு வா."