777 போடும் முன்

புதிதாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை, ஓட்டிப் பார்க்கிறோம். "பெர்மிஷன் டினைட்" என்கிறது யூனிக்ஸ் இயங்குதளம். உடனே பலரின் விரல்கள் தாமாகவே சிஎச்மாட் 777 (கோப்பை யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதிக்கும் கட்டளை) என்று தட்டிவிடுகின்றன. ஸ்கிரிப்டும் ஓடிவிடுகிறது. அதுதான் தொல்லை.

ஒரு நிறுவனத்தின் சர்வரைச் சோதிக்கப் போயிருந்தேன். தினமும் இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) வழியாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று கண்ணில் பட்டது. மொத்தம் ஆறே வரிகள். ஓட்டுவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட், கோப்பின் அனுமதியோ 777. அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் ஏழாவது வரியாகத் தமக்கு வேண்டிய கட்டளையைச் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். 2 மணிக்கு ரூட்டே அதைச் செய்து முடித்திருக்கும்.

கணக்கு எளிதுதான். படிக்க 4, எழுத 2, இயக்க 1; மூன்றையும் கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். அந்தக் கடைசி ஏழுக்குள் ஒளிந்திருக்கும் 2தான் வினை. பல கணினிகளில் யூமாஸ்க் (புதுக் கோப்புக்கு எந்த அனுமதிகள் கூடாது என்று சொல்லும் அமைப்பு) 022 என்று இருப்பதால் புதுக் கோப்பு 644 ஆகப் பிறக்கிறது. அதில் இயக்கும் அனுமதி யாருக்கும் இல்லை, எழுதியவருக்கும்கூட. உங்களுக்கு மட்டும் வேண்டுமானால் 700, பிறரும் ஓட்ட வேண்டுமானால் 755. ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்க்க அதுவும் வேண்டாம். ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் ஷெல்லான பாஷின் பெயரை அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், படிக்கும் அனுமதி இருந்தாலே போதும்.

அந்த பேக்கப் ஸ்கிரிப்டை ரூட்டின் பெயருக்கு மாற்றி 700 போட்டேன். நிம்மதியாக எழப் போனவன் கோப்புறையைப் பார்த்துவிட்டு மீண்டும் உட்கார்ந்தேன். அதுவும் 777. இதைப் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே மறந்துவிடுகிறார்கள்: ஒரு கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ தேவைப்படுவது கோப்புறையில் எழுதும் அனுமதி, கோப்பின் அனுமதியை அங்கே யாரும் கேட்பதில்லை. பழைய ஸ்கிரிப்டை ஒதுக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்தால், ரூட் அதையும் ஓட்டும். தற்காலிகக் கோப்புகளை எல்லோரும் எழுதும் டிஎம்பி கோப்புறைக்கு 1777 என்று முன்னால் ஓர் 1 இருப்பது இதற்காகத்தான். ரூட்டைத் தவிர்த்தால், அவரவர் கோப்பை அவரவர்தான் நீக்க முடியும்.

கோப்புறைக்கு 755 போட்டேன். பிறகு ஃபைண்ட் கட்டளையால், மற்றவர்கள் எழுதக்கூடிய கோப்புகளை அதே சர்வரில் தேடினேன். ரூட் ஓட்டும் ஸ்கிரிப்டுகள் இன்னும் மூன்று கிடைத்தன.